ரெண்டு பாக்கெட்லயும் 5ஏன்னுதான் போட்டிருக்கு, கையில மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு? ட்ரம் ஸ்டிக் வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

பழைய 5ஏ (ட்ரம் ஸ்டிக் மேல போடுற மாடல் பேரு) தேஞ்சு போச்சு, இந்தத் தடவை வேற கம்பெனியோட 5ஏ வாங்கியாச்சு, ஆனா கையில புடிச்சதுமே ஏதோ ஒட்டல, லேசா தடியா இருக்கு, ரைடு சிம்பல்ல (தாளத்தை விடாம தட்டிக்கிட்டே போற பெரிய உலோகத் தட்டு) வாசிச்சா சத்தமும் மாறிப் போச்சு. இப்படிச் சொல்ற ட்ரம்மர்கள் நிறைய பேர், கூடவே "எனக்குத்தான் அப்படித் தோணுதோ"ன்னு ஒரு சந்தேகமும் இருக்கும். தோணல் இல்லங்க, உண்மையிலேயே வேறதான். ப்ரோமார்க் கிளாசிக் 5ஏ 0.551 இன்ச் தடிமன், விக் ஃபெர்த் அமெரிக்கன் கிளாசிக் 5ஏ 0.565, வேட்டரோட லாஸ் ஏஞ்சல்ஸ் 5ஏ 0.570. மூணும் 16 இன்ச் நீளம், மூணு மேலயும் அதே 5ஏ.

நம்பரை ஷூ சைஸ் மாதிரி நெனச்சு வாங்குறதுலதான் குழப்பமே ஆரம்பிக்குது. அது அளவு கிடையாது, ஒரு பேரு, அவ்வளவுதான். கைக்குத் தெரியற விஷயம் வேற அஞ்சு: தடிமன், நீளம், டேப்பர் (முன்பக்கம் ஒடுங்குற பகுதி), மரம், டிப் (நுனி). இந்த அஞ்சுல எது மாறினா என்ன மாறும்னு புரிஞ்சுக்கிட்டா அப்புறம் நம்பரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்ல.

நம்பரும் எழுத்தும் எங்க இருந்து வந்துச்சு

பழைய காலத்துல எழுத்து, அந்த ஸ்டிக் எந்த மாதிரி வாசிப்புக்குன்னு சொல்லும். எஸ்னா ஸ்ட்ரீட், அதாவது தெருவுல அணிவகுத்துப் போற மார்ச்சிங் பேண்டுக்கு. பி னா பேண்ட், ஊதுகருவிங்களோட உக்காந்து வாசிக்கிற பெரிய குழுவுக்கு. ஏ னா ஆர்க்கெஸ்ட்ரா. அப்போ "ஓ" தானே வரணும்னு கேக்கலாம், ட்ரம் தயாரிப்பாளர் வில்லியம் லுட்விக்குக்கு அச்சுல ஓ எழுத்து பார்க்க நல்லா இல்லன்னு தோணி ஏ போட்டாருன்னு ஒரு கதை சொல்வாங்க. எப்படியோ, இன்னிக்கு அந்த எழுத்துல மிஞ்சியிருக்குறது இவ்வளவுதான்: ஏ மெல்லிசு, பி கொஞ்சம் தடி, எஸ் ரொம்பத் தடி.

நம்பர் கூடக் கூட ஸ்டிக் மெல்லிசாகும்னு பொதுவா சொல்றது. 2பி, 5பி, 5ஏ, 7ஏன்னு வரிசையா பார்த்தா அது சரியாவும் வருது. ஆனா விக் ஃபெர்த்துலயே 8டி இருக்கு, அதுவும் 7ஏவும் ஒரே 0.540 இன்ச் தடிமன், 8டி தான் அரை இன்ச் நீளம் ஜாஸ்தி. 8ங்கிறது 7ஐ விட மெல்லிசா இருக்கணும்னு நெனச்சு வாங்கினவரு ஏமாந்துதான் போவாரு. எல்லா கம்பெனிக்கும் பொதுவான தர அளவுன்னு ஒண்ணு இந்த நம்பருக்குக் கிடையாது.

ஸ்டிக்கோட பாகங்கள், சுருக்கமா

கைக்குள்ள இருக்குற தடியான முனை பட். அதுல இருந்து ஒரே தடிமனா போறது ஷாஃப்ட். ஷாஃப்ட் மெலிய ஆரம்பிக்கிற இடம் ஷோல்டர், அங்க இருந்து கழுத்து வரைக்கும் ஒடுங்கிப் போறது டேப்பர், கடைசியில உருண்டையா இருக்குறது டிப். கழுத்துதான் மொத்த ஸ்டிக்குலயும் மெல்லிசான இடம், பின்னாடி உடையற கதைக்கு வரும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

தடிமன்: முக்கால் மில்லிமீட்டருக்கு இவ்வளவு அலட்டலா?

5ஏவுக்கும் 5பிக்கும் விக் ஃபெர்த் கணக்குல வித்தியாசம் 0.03 இன்ச், அதாவது சுமார் முக்கால் மில்லிமீட்டர், சரியா போட்டா 0.76 மி.மீ. பார்த்தா கண்ணுக்கே தெரியாது. ஆனா எடைங்கிறது தடிமனோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், தடிமன் கூடின அளவுக்கு மட்டும் கூடாது. அதே நீளம், அதே மரம்னு வச்சுக்கிட்டு கணக்கு போட்டா இப்படி வருது:

1. 5ஏ (0.565) வை 5பி (0.595) ஆக்கினா எடை கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடும்.
2. 5ஏ வை 2பி (0.630) தடிமனுக்கு ஏத்தினா சுமார் 24 சதவீதம். 2பி கால் இன்ச் நீளமும் கூடங்கிறதால நிஜத்துல இன்னும் கொஞ்சம் மேலயே போகும்.
3. 7ஏ (0.540, 15.5 இன்ச்) எடுத்தா 5ஏவை விட 11, 12 சதவீதம் குறையும்.
4. முதல்ல சொன்ன 0.551 க்கும் 0.570 க்கும் நடுவுல, ரெண்டும் 5ஏ தான், வித்தியாசம் 7 சதவீதம்.

நாலாவதைக் கவனிங்க. ஒரே பேர் போட்ட ரெண்டு ஸ்டிக்குக்கு நடுவுல இருக்குற இடைவெளி, 5ஏவுல இருந்து 5பிக்குப் போற இடைவெளியில பாதிக்கு மேல. கைக்குத் தெரியாம எப்படி இருக்கும்? ஒரு தடவை அடிக்கும்போது தெரியாமப் போகலாம், ரெண்டு மணி நேரம் எட்டு எட்டா ஹைஹாட்டைத் (காலால மூடித் திறக்கிற ஜோடி சிம்பல்) தட்டிக்கிட்டே இருக்கும்போது முன்னங்கைக்கு நல்லாவே தெரியும்.

தடிமனுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, புடிமானம். ரொம்ப மெல்லிசான ஸ்டிக்கை விரல் தானாவே இறுக்கிப் புடிக்கப் பார்க்கும், நழுவிடுமோங்கிற பயம்தான். இறுக்கிப் புடிச்சா ஸ்டிக் துள்ளாது, துள்ளலன்னா ஒவ்வொரு அடிக்கும் கையே தூக்கணும், கை வலிக்கும். அதனால லேசான ஸ்டிக்னா கை வலிக்காதுன்னு சொல்றது எப்பவும் சரி வராது, பெரிய கை உள்ளவங்க 7ஏவுக்கு மாறி வலி கூடிப் போறதும் உண்டு. ரொம்பத் தடியானதும் அதே வேலையை வேற வழியில செய்யும். கட்டைவிரல் மூட்டு வலிக்குதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது எவ்வளவு அழுத்திப் புடிக்கிறோம்ங்கிறதை, அடுத்ததா தடிமனை.

நீளமும் டேப்பரும்: எடை எங்க உக்காந்திருக்கு

ஸ்டிக் விஷயத்துல ரொம்ப முக்கியமானது இதுதான்னு நெனக்கிறேன், பாக்கெட்டுல ரொம்பக் கம்மியா எழுதியிருக்குறதும் இதுதான்.

கிரிக்கெட் பேட் எடுத்துப் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். தராசுல ஒரே எடை காட்டுற ரெண்டு பேட்டுல ஒண்ணு தூக்கினதும் இறகு மாதிரி வரும், இன்னொண்ணு கீழ இழுக்கும், ஏன்னா அதுல எடை அடியில உக்காந்திருக்கு. ஸ்டிக்கும் அதே தான். மணிக்கட்டுல இருந்து தள்ளிப் போகப் போக அந்த இடத்துல இருக்குற ஒவ்வொரு கிராமும் வீசும்போது பெருசா தெரியும். 16 இன்ச் ஸ்டிக்கை 16.5 ஆக்கினா எடை 3 சதவீதம்தான் ஏறும், ஆனா வீசுறதுக்கு எடுக்குற பலம் அதைவிட நல்லாவே கூடும், காரணம் அந்த அரை இன்ச் சேருறது நுனிப் பக்கம். விக் ஃபெர்த்துல எக்ஸ்ட்ரீம் 5ஏன்னு வர்றது இதுதான், அதே 0.565 தடிமன், அரை இன்ச் நீளம் கூட.

டேப்பர் நீளமா இருந்தா முன்பக்கம் மரம் நிறைய சீவப்பட்டிருக்குன்னு அர்த்தம். முன்னாடி லேசு, எடை கைப்பக்கம் வந்துடும், தூக்க சுலபம், கழுத்து லேசா வளையவும் செய்யும், சத்தம் கம்மியா நுணுக்கமா வாசிக்கிறதுக்கு நல்ல கட்டுப்பாடு கிடைக்கும். டேப்பர் குட்டையா இருந்தா எதிர்ப்பக்கம்: முன்னாடி கனம், அடிச்சா ஸ்டிக்கே பாதி வேலையைப் பார்க்கும், கழுத்து தடியா இருக்கறதால சீக்கிரம் உடையாது, ஆனா வேகமா சின்னச் சின்ன அடி போடும்போது கொஞ்சம் இழுக்கும். ப்ரோமார்க்ல ஃபார்வர்ட், ரீபவுண்டுன்னு ரெண்டு வகை போடுறாங்களே, அது முன்கனம், பின்கனம்ங்கிற இந்த வித்தியாசத்தைத்தான் பேரா வச்சிருக்காங்க.

இதைக் கையால பார்க்க ஒரு வழி இருக்கு. ஸ்டிக்கை ஒரு விரல் மேல குறுக்கா வச்சு சாயாம நிக்கிற இடத்தைக் கண்டுபிடிங்க, சரியா நடுவுல நிக்காது, கொஞ்சம் பட் பக்கம் தள்ளித்தான் நிக்கும். ரெண்டு மாடலை இப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எது முன்கனம்னு நொடியில தெரிஞ்சிடும். அடுத்தது, பட்ல இருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் மட்டும் தளர்வா புடிச்சு, பிராக்டிஸ் பேடு மேல டிப்பை விழ விடுங்க. எத்தனை தடவை துள்ளுதுன்னு எண்ணுங்க. விரலை ஒரு சென்டிமீட்டர் முன்னாடி, ஒரு சென்டிமீட்டர் பின்னாடி மாத்தி மாத்தி விட்டா, ஒரு இடத்துல மட்டும் டக்டக்டக்னு ரொம்ப நேரம் ஓடும். அந்த ஸ்டிக்கைப் புடிக்க வேண்டிய இடம் அதுதான். மாடல் மாறினா அந்த இடமும் மாறும், அதனாலதான் பழைய இடத்துலயே புது ஸ்டிக்கைப் புடிச்சுட்டு "துள்ளவே மாட்டேங்குது"ன்னு நிறைய பேர் புலம்புறது. ஸ்டிக் நல்லா இல்லன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி விரலை நகர்த்திப் பாருங்க.

மரம்

பெரும்பாலும் மூணே மூணுதான்.

1. ஹிக்கரி. அதிகமா விக்கிறது இதுதான். கெட்டியாவும் இருக்கும், அதிர்ச்சியை உள்ள வாங்கிக்கவும் செய்யும், கோடாலி சுத்தியலுக்குக் கைப்பிடி போடுற மரமும் இதுதாங்கிறதை யோசிச்சா காரணம் புரிஞ்சிடும்.
2. மேப்பிள். ஹிக்கரியை விட 10 சதவீதத்துக்கு மேல லேசு. தடியான ஸ்டிக் வேணும் ஆனா கனம் வேணாம்ங்கிறவங்களுக்கு இது நல்ல வழி, பெரிய கைக்கு 5பி தடிமன் மேப்பிள் கொடுத்துப் பாருங்க, ஹிக்கரி 5ஏ எடைக்குப் பக்கத்துல வந்துடும். அடிச்சு வாசிக்கிறவங்க கையில சீக்கிரம் தேஞ்சிடும்.
3. ஓக். மூணுல கனமானது, இறுக்கமானது, ஜப்பான் ஓக்தான் பேர் போனது, ப்ரோமார்க் கம்பெனி 1950களோட கடைசியில ஆரம்பிச்சதே ஜப்பான் ஓக் ஸ்டிக்கை வச்சுத்தான். ரொம்ப நாள் வரும், ஆனா அடியோட அதிர்வு கைக்கு அதிகமா வரும், உடையும்போது நார் நாரா பிரியாம படக்னு முறியும்னு பழகினவங்க சொல்றதுண்டு.

மணிக்கட்டுலயோ முழங்கையிலயோ ஏற்கெனவே வலி இருக்குறவங்க ஓக் பக்கம் போகாம இருக்குறது நல்லது. மரம் இல்லாம அலுமினியம், கார்பன் ஃபைபர்னும் வருது, ஆயுள் அதிகம், அதிர்வு வேற மாதிரி, சிலருக்குப் புடிக்கும்.

டிப்: சத்தம் மாறுறது இங்கதான்

ட்ரம் தோல் மேல டிப்போட வடிவத்தை மாத்தினா லேசாத்தான் தெரியும். சிம்பல் மேல, முக்கியமா ரைடு மேல, அப்பட்டமா தெரியும். கணக்கு ஒண்ணே ஒண்ணுதான்: சிம்பலைத் தொடுற பரப்பு சின்னதா இருந்தா சத்தம் கூர்மையா, தனித்தனியா கேக்கும், பெருசா இருந்தா அகலமா, கொஞ்சம் இருட்டா, ஒண்ணோட ஒண்ணு கலந்து கேக்கும். உருண்டை டிப் எந்தக் கோணத்துல அடிச்சாலும் ஒரே மாதிரி, சுத்தமா. பேரல் (பீப்பாய்) வடிவம் பரப்பு அதிகம், சத்தம் அதிகம். டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவம்), ஏகார்ன் (ஓக் கொட்டை வடிவம்) ரெண்டும் கோணத்தைப் பொறுத்து மாறும், ஸ்டிக்கை லேசா சாய்ச்சா பெரிய பரப்பு, நிமிர்த்தினா சின்ன பரப்பு. ஜாஸ் வாசிக்கிறவங்க நிறைய பேருக்கு டியர்டிராப் புடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம், ஒரே ஸ்டிக்குல ரெண்டு நிறம் கிடைக்குது.

நைலான் டிப் வந்த கதை சுவாரசியமானது. மர டிப் சீக்கிரம் சிதைஞ்சு போறதைப் பார்த்து சலிச்சுப் போன ஜோ கலாட்டோங்கிற ட்ரம்மர், அவரே தச்சு வேலையும் தெரிஞ்சவரு, 1958 ல நைலானை முனையில மாட்டினாரு. ஆயுளுக்காக வந்தது, ஆனா கூடவே சத்தமும் மாறிடுச்சு, சிம்பல்ல பளிச்சுன்னு, டிங் டிங்னு கேக்கும். சிலருக்கு அது தெளிவு, சிலருக்கு அது எரிச்சல். உங்க ரைடு ஏற்கெனவே பளபளப்பான சத்தமா இருந்தா நைலான் வேணாம், மங்கலா இருந்தா நைலான் தூக்கிக் கொடுக்கும்.

எலக்ட்ரானிக் ட்ரம் கிட் வச்சிருக்கவங்களுக்கு டிப் முக்கியம், ஆனா வேற காரணத்துக்கு. சிதைஞ்சு பிசிறு வந்த மர டிப் மெஷ் ஹெட்டைக் (தோலுக்குப் பதிலா இருக்குற வலை) கிழிச்சிடும். நைலான் போடுங்க, இல்ல தினமும் டிப்பை விரலால தடவிப் பார்த்துட்டு வாசிங்க.

"ஜாஸ்க்கு 7ஏ, ராக்குக்கு 2பி" இதை எவ்வளவு நம்பலாம்

பாதி நம்பலாம். இந்த மாதிரி அட்டவணை எழுதுறவங்க பாட்டு வகையைச் சொல்றாங்க, ஆனா உண்மையில அவங்க சொல்ல வர்றது சத்தத்தோட அளவை. சின்ன அறையில மைக் இல்லாம வாசிக்கிற ராக் ட்ரம்மருக்கு 2பி கொடுத்தா கிட்டார்காரரும் பாடுறவரும் ஓடிடுவாங்க. எல்லா ட்ரம்முக்கும் மைக் வச்ச பெரிய மேடையில 5ஏவாலயே போதுமான சத்தம் வந்துடும், மிச்சத்தை சவுண்ட் எஞ்சினியர் பார்த்துப்பாரு.

அதுவும் இல்லாம, சத்தம் வர்றதுல பெரிய பங்கு அடிக்கிற வேகத்துக்கு. தடியான ஸ்டிக் எடுத்து வேகம் குறைஞ்சு போச்சுன்னா எதுக்கு எடுத்தோம்? ஒருத்தரோட கையில 5ஏ முழங்கும், அதே கிட்டுல இன்னொருத்தரோட 2பி முனகும். என்னைக் கேட்டா முதல் கேள்வி "எந்த மாதிரி பாட்டு"ன்னு இருக்கக் கூடாது, "எவ்வளவு சத்தமா, எத்தனை மணி நேரம், எது மேல அதிகமா அடிக்கிறீங்க"ன்னு இருக்கணும். ரொம்ப சத்தம் கம்மியா வாசிக்கணும்னா மெல்லிசான ஸ்டிக்கைத் தேடி அலையாம ராட்ஸ் எடுத்துக்கலாம், சின்னச் சின்னக் குச்சியை ஒண்ணாக் கட்டினது, இல்லன்னா கம்பி பிரஷ்.

புதுசா கத்துக்கிறவங்களுக்கு: ஹிக்கரி, 5ஏ, மர டிப். சலிப்பான பதில்தான், ஆனா நடுவுல இருந்து ஆரம்பிச்சாத்தான் எந்தப் பக்கம் போகணும்னு தெரியும். சின்னக் குழந்தைங்களுக்கு மட்டும் 7ஏவோ அதைவிடக் குட்டையானதோ. பிராக்டிஸுக்குத் தடியான மார்ச்சிங் ஸ்டிக், 0.7 இன்ச் கிட்ட இருக்கும், அதை வச்சு கையை பலப்படுத்துறேன்னு சொல்றவங்க இருக்காங்க, கொஞ்ச நேரம் செஞ்சா தப்பில்ல, ஆனா அதோட துள்ளல் வேற, மேடையில புடிக்கப் போற ஸ்டிக்கோட துள்ளலைக் கை மறந்துடக் கூடாது.

வாங்கும்போது நின்னு பார்க்க வேண்டியது

1. உருட்டுங்க. சமமான கண்ணாடி இல்ல மேசை மேல. டிப் மேலயும் கீழயும் ஆடினா வளைஞ்சிருக்கு, திருப்பி வச்சிடுங்க.
2. மரத்தோட ரேகையைப் பாருங்க. பட்ல இருந்து டிப் வரைக்கும் நேரா ஓடணும். ரேகை சாய்வா ஓடி ஷாஃப்டோட பக்கவாட்டுல வெளிய வந்துட்டா, ஸ்டிக் முறியப் போறது அந்தக் கோட்டுலதான்.
3. தட்டிக் கேளுங்க. ஒவ்வொண்ணா எடுத்து அதே மேசை மேல அதே இடத்துல தட்டினா ரெண்டோட சுருதியும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு "டக்"னும் இன்னொண்ணு "டொக்"னும் கேட்டா அடர்த்தி வேற, ரெண்டு கைலயும் ரைடு சத்தம் வேற வேற வரும். விக் ஃபெர்த்தை ஆரம்பிச்சவரு பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுல டிம்பனி (சுருதி சேர்த்து வாசிக்கிற பெரிய ட்ரம்) வாசிச்சவரு, சுருதி விஷயத்துல காது விடாது, எடையும் சுருதியும் பார்த்து ஜோடி சேர்க்குற பழக்கத்தைப் பெருசா கொண்டு வந்தது அவங்கதான். எல்லா கம்பெனியும் அப்படிச் சேர்க்குறதில்ல.
4. பூச்சைத் தொட்டுப் பாருங்க, ஆனா வறண்ட கையால மட்டும் முடிவு பண்ணாதீங்க. வழவழன்னு இருக்குற லாக்கர் சிலருக்கு வேர்த்ததும் ஒட்டிப் புடிக்கும், சிலருக்கு வழுக்கும். வழுக்குறவங்களுக்குப் பூச்சு இல்லாத மரமோ கிரிப் டேப்போ.

உடைஞ்ச ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீங்க, முதல்ல பாருங்க

மாசத்துக்கு எத்தனை ஸ்டிக் உடையுதுன்னு பெருமையா சொல்றவங்க இருக்காங்க, ஆனா எங்க உடைஞ்சதுங்கிறதைப் பார்த்தா அந்த ஸ்டிக் வாசிக்கிறவரைப் பத்தி நிறைய சொல்லும்.

ஷோல்டர் பக்கம் எலி கடிச்ச மாதிரி அரிச்சிருக்கா? அது ஹைஹாட் விளிம்பு, கிராஷ் (ஓங்கி அடிக்கிற சிம்பல்) விளிம்பு. சாதாரண தேய்மானம்தான், விளிம்புல அடிச்சா மரம் தேயத்தான் செய்யும். ஆனா ரெண்டே நாள்ல அப்படி ஆகுதுன்னா சிம்பலை ரொம்ப உயரமாவோ நேராவோ வச்சு, வெட்டுற மாதிரி குத்துறீங்க. சிம்பலை லேசா உங்க பக்கம் சாய்ச்சு, கையைப் பக்கவாட்டுல வழிச்சு எடுத்தா சிம்பலும் பிழைக்கும், ஸ்டிக்கும் பிழைக்கும்.

நடு ஷாஃப்ட்ல பள்ளம் விழுந்து அங்கேயே முறிஞ்சா அது ஸ்நேர் ரிம் ஷாட், அதாவது ஸ்நேர் ட்ரம்மோட தோலையும் விளிம்பு வளையத்தையும் (ரிம்) சேர்த்து அடிக்கிறது. எப்பவும் ஒரே இடம் ரிம்ல படும், அதனால அப்பப்ப ஸ்டிக்கை விரலுக்குள்ள கொஞ்சம் சுத்திப் புடிச்சா தேய்மானம் பரவும். கழுத்துல டிப்போட சேர்த்துப் பறந்து போனா டேப்பர் உங்க அடிக்கு ரொம்ப நீளம், குட்டை டேப்பர் பக்கம் போங்க, தடிமனை ஏத்த வேண்டிய அவசியமே இல்ல. பலர் இங்கதான் தப்பு பண்றது, கழுத்து உடையுதுன்னு 5ஏவுல இருந்து 5பிக்குப் போய், அதுவும் நீள டேப்பரா இருந்து, அதுவும் உடைஞ்சு, அப்புறம் 2பி. கடைசியில கை வலிதான் மிச்சம்.

சாய்வா, ஒரே வெட்டா, ரேகையோட போக்குல பிளந்திருந்தா மரத்தோட குறை, உங்க தப்பு இல்ல. டிப் மட்டும் சிதறிப் போனா நைலானுக்கு மாறலாம், இல்ல பரப்பு அதிகமான பேரல் டிப்.

வேற மாடலுக்கு மாறும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. தடிமன் அதே வச்சுக்கிட்டு மரத்தை மாத்துங்க, இல்ல எல்லாம் அதே வச்சுக்கிட்டு டிப்பை மாத்துங்க. தடிமன், மரம், டிப் மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டு புடிக்கலன்னா எது புடிக்கலன்னு கண்டுபிடிக்க முடியாது. பழகுறதுக்கு ஒரு வாரமாவது கொடுங்க, முதல் நாள் எந்த ஸ்டிக்கும் அந்நியமாத்தான் இருக்கும். பழைய ஸ்டிக் பாக்கெட்டுல இருந்த இன்ச் கணக்கை எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை வேற கம்பெனியில வாங்கும்போது 5ஏவைத் தேடாம 0.565 ஐத் தேடலாம்.